கடலில் ஏது சுவர்?

அக்கா, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. விடுதியில் உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகளிடம்கூடக் காட்டாதே. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அம்மாவுக்கு எழுதத் தெரியாது, நீயும் சென்னையில் இருக்கிறாய், அதனால் இது யார் எழுத்து என்று அப்பா யோசிக்கவே வேண்டியதில்லை. "அவளுக்கு யாரும் கடுதாசி கிடுதாசி போட்டு மனசக் கலைக்கப்புடாது, ஞாயித்துக்கெழம புள்ள வீடு வந்து சேரட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் அச்சகத்தில் காலண்டர் லோடு ஏற்றப் போயிருக்கிறார். வேலை முடிந்தால் எந்த நேரமும் வந்துவிடுவார். நான் வாசலைப் பார்த்து உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த லோடு லாரியைக் காளிராஜ் மாமாதான் சென்னைக்கு ஓட்டிப் போகிறார். விடிவதற்குள் தெருமுனையில் ஹார்ன் அடிப்பார், நான் ஓடிப் போய் இதைக் கொடுத்துவிட வேண்டும். அப்பா உனக்குப் போன் போடுவதற்குள் விடுதி வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிடுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இனி "நான்" என்று வருவதெல்லாம் அம்மா. அடைப்புக்குள் வருவது மட்டும்தான் நான். பேசுகிற மாதிரியே எழுதினால் நன்றாக இருக்காது, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி எழுது என்று அம்மா சொன்னாள்.

மாரி, உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்றெல்லாம் விசாரித்து எழுத இன்றைக்கு நேரமில்லை. நீ அப்பாவிடம் போனில் பேசியபோது நான் பூத்துக்கு வெளியேதான் நின்றிருந்தேன். அப்பா வீட்டுக்கு வந்து திருப்பிச் சொன்ன பிறகுதான் விஷயம் முழுதாக விளங்கியது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த உன் டிரையத்லான் போட்டியில் நீச்சல் கடலில் நடக்கும். ஆனால் பழகுவது நீச்சல் குளத்தில். குளத்தின் சுவர் வந்ததும் நீ கையால் தொட்டு, தலையைத் தூக்கிப் பார்த்து, அப்புறம் திரும்பி நீந்துகிறாய். மற்ற பிள்ளைகள் சுவரைத் தொடுவதில்லை. சுவருக்கு முன்னாலேயே தண்ணீருக்குள் குட்டிக்கரணம் போட்டு, காலால் சுவரை உதைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஃபிளிப் டர்ன் என்று அதற்குப் பெயராம். நீ நின்று திரும்புவதால் பின்னால் வருகிற பிள்ளைகள் உன் மேல் வந்து முட்டுகிறார்கள். மாதக் கடைசிக்குள் அதைப் பழகாவிட்டால் காலை வகுப்பில் இடமில்லை என்று கோச் சொல்லிவிட்டார். உனக்கு அது வரவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறுகிறது, தலை சுற்றுகிறது, சுவர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை என்று சொன்னாயாம். "என்னால முடியலப்பா, நான் வந்துர்றேன்" என்று நீ சொன்னது மட்டும் பூத்துக் கண்ணாடியைத் தாண்டி எனக்கே கேட்டது.

அன்றைக்கு டீக்கடையில் உன் அப்பா பேசாத ஆளில்லை. "ஏப்பா, கடல்ல ஏதுப்பா சுவரு? சுவரே இல்லாத எடத்துல நீந்தப் போற புள்ளைக்கு, சுவத்துல குட்டிக்கரணம் போடத் தெரியலன்னு ஒருத்தன் வெரட்டுதான்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர், "கடலுக்குள்ள ஒரு கொத்தனார எறக்கிச் சுவத்தக் கட்டிருவமா?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து என்னிடமும் அதையே கேட்டார். "நீயே சொல்லு. நானா நாயமில்லாமப் பேசுதேன்?" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். கடலில் நீ ஒரு தடவைகூடக் குட்டிக்கரணம் போடப் போவதில்லை. மிதவையைச் சுற்றித் திரும்புவாய், கரைக்கு வருவாய், சைக்கிளை எடுப்பாய். இதில் சுவருக்கு இடமே இல்லை.

(எங்கள் பி.டி. டீச்சரிடம் நானாகக் கேட்டேன் அக்கா, அம்மா கேட்கச் சொல்லவில்லை. கடலில் நீந்துகிற பலர் அதைப் பழகாமலே இருக்கிறார்களாம். சுவரைத் தொடாமல் கொஞ்சம் முன்னாலேயே வளைந்து திரும்பிவிடுவார்களாம். மிதவையைச் சுற்ற அதுவே பழக்கமாகிவிடும் என்றார். ஆனால் கூட்டமாக நீந்துகிற குளத்தில் அப்படி வளைந்தால் எதிரே வருகிறவர்கள் மேல் இடிப்போம் என்றும் சொன்னார். இதைச் சொன்னதும் அம்மா, "அதயும் எழுது, ரெண்டு பக்கமும் அவ தெரிஞ்சுக்கிடட்டும்" என்றாள்.)

உனக்கு நான் நீச்சல் பழக்கியது தோட்டத்துக் கிணற்றில். முதுகில் வெறும் எண்ணெய் கேனைக் கட்டி உன்னை இறக்கினேன். நீ அழவில்லை, என்னைத்தான் வைதாய். அந்தக் கிணற்றின் சுவர் கருங்கல். கல் இடுக்கில் தண்ணீர்ப் பாம்பு இருக்கும். சில கற்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அங்கே யாராவது சுவர் பக்கம் தலையைக் கொடுப்பார்களா? "கைய வச்சுத் தொடு, தலையத் தூக்கிப் படியப் பாரு, பெறவு திரும்பு" என்று அன்றைக்கு நான்தான் கத்தினேன். கிணற்றில் படிக்கட்டு ஒரே பக்கம்தான் இருக்கும். அது எங்கே என்று தெரியாமல் நீந்தக்கூடாது என்பதுதான் நான் உனக்குச் சொன்ன முதல் பாடம். கேன் இல்லாமல் நீந்தப் பழகிய பிறகும் ஒவ்வொரு சுவரிலும் நீ படியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாய். அந்தக் கிணற்றுக்கு அதுதான் சரி. இன்றைக்கு இன்னொரு பிள்ளையை இறக்கினாலும் அதையேதான் சொல்லுவேன்.

மதுரையில் உன்னைத் தேர்வு செய்த அன்று நானும் கூட வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? நீலத் தண்ணீரைப் பார்த்து, "இதுல சாயம் கலந்திருக்காகளாம்மா?" என்று கேட்டாய். கம்பித் தடுப்புக்கு வெளியே மற்ற அம்மாக்களோடு நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் விருதுநகர் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர் வீட்டு அம்மா ஒருவர், மகளுக்கு ஃபிளாஸ்க்கில் பால் கொண்டு வந்திருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். சுவர் வரைக்கும் நீதான் முன்னால் வந்தாய். சுவரை விட்டுக் கிளம்பும்போது நீ கடைசி. மறுபடி முன்னால் வந்தாய், மறுபடி கடைசி. அந்த அம்மா என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு ஒவ்வொரு தடவயும் நின்னு நின்னு யாரத் தேடுதா?" என்று கேட்டார். "யாரயும் தேடலம்மா, மூஞ்சியத் தொடைக்கா" என்றேன். அவர் அதைக் கேலியாகக் கேட்கவில்லை. நல்ல மனுஷி. ஆனால் அந்தக் கேள்வி அன்றிலிருந்து எனக்குள்ளேயே கிடந்தது. நீ "முடியல" என்று சொன்ன பிறகு, ஆலையில் பட்டாசுச் சரம் பின்னிக்கொண்டே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் பட்டாசு ஆலையில் ஒரு புதுப் பெண் வந்து சேர்ந்தாள். போர்மேன் அவளுக்கு முதலில் காட்டிக் கொடுத்தது வேலையை இல்லை, வாசலை. "ஏத்தா, எங்கன உக்காந்தாலும் வாசலப் பாத்து உக்காரு. வாசலுக்கு முதுகக் காட்டாத" என்றார். எங்கள் அறைக்கு இரண்டு பக்கமும் வாசல். அவரவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்துதான் சரம் பின்னுவோம். பக்கத்து அறையில் வெடிமருந்து தீப்பற்றிய அன்று நான் எழுந்த ஞாபகம்கூட எனக்கு இல்லை. கண்ணுக்கு நேரே வாசல் இருந்தது, கால் அதன் வழியாகப் போய்விட்டது. நீ அப்போது நான்காம் வகுப்பு. வேலியோரம் செருப்பில்லாமல் நின்றிருந்த என்னை அப்பா சைக்கிளில் வைத்துக் கூட்டி வந்தார். அன்றிலிருந்துதான் வீட்டிலும் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தேன். சாப்பிட்டாலும் படித்தாலும் எல்லாரும் வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். நாம் நான்கு பேரும் ஒரே வரிசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் காளிராஜ், "என்னக்கா, சினிமாக் கொட்டகையில உக்காந்த மாதிரி இருக்கீக, படம் எப்பப் போடுவாக?" என்று கேட்டான். நீதான் அவனுக்குப் பதில் சொன்னாய். "மாமா, நீங்க மறைக்கீக. தள்ளுங்க."

(எனக்கு அது ஞாபகம் இருக்கிறது அக்கா. மாமா அப்படியே நகர்ந்து உன் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் வாசலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். இப்போது இதைச் சொல்லும்போது அம்மா சிரிக்கிறாள். சத்தமில்லாமல் சிரிக்கிறாள்.)

அந்தப் புதுப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் நீ யாரைத் தேடினாய் என்று எனக்கு விளங்கியது. நீ படியைத் தேடினாய். வாசலைத் தேடினாய். குட்டிக்கரணம் போடுகிறபோது தலை கீழே போகிறது, வெளியே போகிற வழி கண்ணில் இருந்து மறைகிறது, முதுகுப் பக்கம் எது என்று தெரியவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. வாசலுக்கு முதுகு காட்டாமல் வளர்ந்த பிள்ளைக்கு அது எப்படி வரும்? உனக்கு அறிவு குறைவும் இல்லை, நீ பயந்தாங்கொள்ளியும் இல்லை. உன் உடம்பு நான் சொல்லிக் கொடுத்ததைக் கேட்கிறது. ஆலையில் அது உயிரைக் காப்பாற்றுகிற பழக்கம், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் மருந்து இல்லாத இடத்துக்கும் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. யோசிக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன்.

அந்தப் பழக்கம் கடலில் உனக்கு உதவும். மிதவை எங்கே இருக்கிறது என்று தலையைத் தூக்கிப் பார்த்து நேராகப் போக மற்றவர்கள் சிரமப்படுகிறார்கள், உனக்கு மட்டும் அது தானாக வருகிறது என்று கோச்சே பாராட்டியதாகத் தீபாவளிக்கு வந்தபோது சொன்னாயே. அதை விட்டுவிடாதே. நான் சொல்வது சுவரைப் பற்றி மட்டும்தான். ஆமத்தூர்க் கண்மாய் நிரம்பியிருந்த வருஷம் நாம் இருவரும் நீந்திப் பார்த்தோமே, அதை நினைத்துப் பார். கிணற்றில் காலை முழுதும் நீந்துகிற நீ, கண்மாயில் பாதி போவதற்குள் மூச்சு வாங்கி, தண்ணீருக்குள் நின்ற கருவேல மரத்தைப் பிடித்துக்கொண்டாய். முள் குத்தியும் விடவில்லை. "என்னடி ஆச்சு, கெணத்துல மீனு மாதிரி போவ?" என்று கேட்டேன். "இங்க சுவரக் காணமேம்மா" என்றாய். கிணற்றில் ஒவ்வொரு சுவரிலும் நீ ஒரு மூச்சு நின்றிருக்கிறாய். அதை நீயும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. சுவர் இல்லாத தண்ணீரில்தான் அது தெரிந்தது.

கோச் சொல்வதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான் மாரி. கடலில் சுவர் இல்லை என்று அப்பா சொல்கிறார். அதனால்தான் குளத்திலும் சுவரில் நிற்காமல் பழகச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குட்டிக்கரணம் வந்தால்தான் கடலில் ஜெயிப்பாய் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அதெல்லாம் தெரியாது. போட்டிக்கு நாள் குறைவு, அதற்குப் பதில் வேறு ஏதாவது பழகலாம் என்று கோச்சே சொன்னால் அப்படியே செய். டீச்சர் சொன்ன மாதிரி வளைந்து திரும்புவது போதுமா என்றும் அவரிடம் கேள். வேண்டாம் என்று விடுவதென்றால் விடு. ஆனால் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்துவிட்டு விடு. பயத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறாதே. அப்படி வந்தால் நீ இங்கே எந்த வேலை பார்த்தாலும் அந்தச் சுவரில்தான் நின்றுகொண்டிருப்பாய்.

அப்பாவைத் தப்பாக நினைக்காதே. நீ வருகிறாய் என்றதும் அச்சகத்தில் தாள் மடிக்கிற பிரிவில் உனக்கு இடம் பேசிவிட்டார். "ஃபேன் இருக்கு, மருந்து கெடையாது, புள்ள நெழல்ல உக்காந்து வேல பாக்கும்" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உன் பழைய சைக்கிளை எடுத்துத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மணியை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னை அந்த வேலியோரத்தில் இருந்து கூட்டி வந்து, பிறகு உனக்குக் கொடுத்த சைக்கிள்தானே அது. அவருக்கு நாம் எல்லாரும் அவர் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். நானாவது வாசலைப் பார்த்து உட்காருகிறேன், அவர் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் அவர் போன் போட்டு எந்த பஸ் என்று சொல்லும்போது உனக்கு "வரல" என்று சொல்ல வாய் வராது. எனக்குத் தெரியும். அவரோடு சண்டை போடாதே. கடல், சுவர் என்று நியாயம் பேசாதே, அதில் அவர் உன்னை ஜெயித்துவிடுவார். "மாசக் கடேசி வரைக்கும் இருந்து பாத்துட்டு வாரேம்ப்பா" என்று மட்டும் சொல். என்ன கேட்டாலும் அதையே திருப்பிச் சொல். இங்கே நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

(இதை நீயே அப்பாவிடம் நேரில் சொல்லிவிட்டு அக்காவுக்கும் போன் போடேன் என்று அம்மாவிடம் கேட்டேன். பூத்துக்காரர் அப்பாவின் கூட்டாளி, பேசி முடிப்பதற்குள் விஷயம் டீக்கடைக்குப் போய்விடும் என்றாள். அப்பாவிடம் சொல்லவும் அவளுக்குப் பயமாகத்தான் இருக்கிறது அக்கா. அதை எழுதாதே என்றாள். எழுதிவிட்டேன்.)

எப்படிப் பழகுவது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கோச்சுக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் சொல்லுகிறேன். அவரிடம் உன் பயத்தைச் சொல். மூக்கில் தண்ணீர் ஏறுகிறது என்று சொன்னால் அவர் மூக்குக்கு வழி சொல்லுவார். வெளியே போகிற வழி தெரியாமல் போகிறது என்று நீ அவரிடம் சொல்லியிருக்கமாட்டாய். சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? முதலில் சுவர் பக்கமே போகாமல், நின்றால் தரை தட்டுகிற ஆழத்தில் உருண்டு பார். எழுந்து நில். மறுபடி உருளு. சுவர் எங்கேயும் போகாது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காலுக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்கும். அதைக் கால் தேடிக்கொள்ளும். கண் தேட வேண்டாம்.

(அக்கா, இதைச் சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஒவ்வொரு வரிக்கும் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுத்து கோணல் கோணலாக இருக்கிறது. "நீயும் அவள மாதிரிதான். நின்னு நின்னு எழுதுத. அங்கிட்டுத் திரும்பி உக்காரு" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "வாசலுக்கு முதுகக் காட்டி உக்காருங்கேன்" என்றாள். நம் வீட்டில் அம்மா வாயால் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "அப்பா வந்தா?" என்றேன். "வந்தா நான் கதவத் தொறக்கேன். நீ எழுது" என்றாள். திரும்பி உட்கார்ந்துவிட்டேன். முதுகெல்லாம் கூசுகிறது. எதிரே அலமாரியும் போன வருஷக் காலண்டரும்தான் தெரிகிறது. தெருவில் நாய் குரைத்தால்கூடக் கழுத்து தானாகத் திரும்பப் பார்க்கிறது. ஆனால் அக்கா, இந்த வரிகள் நேராக வந்திருக்கின்றன, பார்.)

இனிச் சொல்ல அதிகம் இல்லை. பொங்கலுக்கு வா. குட்டிக்கரணம் வந்தாலும் வா, வராவிட்டாலும் வா. அப்போது உன் இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இன்னொன்று, கடலில் இறங்குகிற அன்று

(கதவு தட்டுகிறது அக்கா. மாமா இல்லை, ஹார்ன் கேட்கவில்லை. தூக்குவாளியால் தட்டுகிற சத்தம். அப்பாதான். நான் தாளை மடித்துப் பாவாடைக்குள் ஒளிக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துத் தாளின் மேலேயே வைத்தாள். "ஒளிக்காத. திரும்பாத. எழுது. நான் அவர்ட்டச் சொல்லிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். மறுபடியும் தட்டுகிறார். நான் திரும்பவில்லை. அம்மா தாழ்ப்பாளைத் தூக்குகிற சத்தம் கேட்கிறது. அக்கா, நீ ஞாயிற்றுக்கிழமை வரா